நம் குடும்பக் கதையும் வக்கீல் நோட்டீஸும்



கோலார் தங்க வயலில் சுரங்கங்கள் மூடப்பட்டது 2001-ஆம் ஆண்டு. அதற்குப் பிறகு மைசூர் மைன்ஸ், சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம், ஊர்காம் என்று லயன் வீடுகளில் வாழ்ந்த குடும்பங்கள் நாலா திசையும் பிரிந்து போய்விட்டன. தினமும் அதிகாலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறவர்கள் ஒரு பக்கம். பம்பாய், துபாய், லண்டன் என்று போய் அங்கேயே தங்கிவிட்டவர்கள் மறுபக்கம்.

இப்படிப் பிரிந்த குடும்பங்களில் இப்போது ஒரு நல்ல பழக்கம் தோன்றியிருக்கிறது. அறுபதாம் கல்யாணம், பத்தாம் ஆண்டு நினைவு நாள், குடும்பச் சந்திப்பு என்று ஏதாவது ஒரு விசேஷத்தை ஒட்டிச் சிறு மலர் ஒன்று அச்சடிக்கிறார்கள். வட ஆற்காட்டிலிருந்தோ, சேலத்திலிருந்தோ பாட்டனார் வந்த கதை, பூமிக்கடியில் கூண்டில் இறங்கி வேலை செய்த கதை, ஏர் பிளாஸ்டில் தப்பிய கதை, சயனைடு மேட்டில் பிள்ளைகள் விளையாடிய கதை எல்லாம் அதில் வருகின்றன. யாரும் எழுதி வைக்காத சரித்திரம் இது. கம்பெனியின் பழைய ரிக்கார்டுகளில் எத்தனை டன் பாறை, எத்தனை அவுன்ஸ் தங்கம் என்று இருக்கும். ஒரு தொழிலாளியின் வீட்டில் அன்று ராத்திரி அடுப்பு எரிந்ததா என்று இருக்காது.

ஆகவே எழுத வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் சொந்தக்காரரைப் பற்றி எழுதும்போது மானநஷ்டம் என்ற ஒரு பள்ளமும் இருக்கிறது. நான் வக்கீல் அல்ல. டிப்ளமோ படித்து, ரயில்வேயில் தண்டவாளப் பிரிவில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எஞ்சினியர். ஒரு குடும்பத் தகராறில் மத்தியஸ்தம் பேசப் போன இடத்தில் இந்த விஷயத்தைப் படிக்க நேர்ந்தது. தெரிந்துகொண்டதை உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

32 பக்க மலரால் வந்த வினை

மைசூர் மைன்ஸில் பிறந்து வளர்ந்த அண்ணன் தம்பி இருவர். பெயர் வேண்டாம். அண்ணன் சுரங்கத்தில் டிரில்லராக இருந்து காலமானார். அவருடைய நினைவு நாளுக்கு மூத்த மகன் 32 பக்கத்தில் ஒரு மலர் போட்டு, 200 பிரதி அச்சடித்து உறவினர் எல்லோருக்கும் கொடுத்தார். நல்ல மலர். அதில் ஒரே ஒரு பத்தி மட்டும் இப்படி இருந்தது: சுரங்கம் மூடியபோது அப்பாவுக்கு வந்த பணத்தில் சித்தப்பா ஒன்றரை லட்சத்தை ஏமாற்றி வாங்கிக்கொண்டார், அந்தத் துரோகத்தால்தான் அப்பா படுத்த படுக்கையாகிச் செத்தார்.

சித்தப்பா உயிரோடு இருக்கிறார். வயது 78. ஊரில் நாலு பேர் மதிக்கும் மனிதர். பேத்திக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த சமயம். மலரின் ஒரு பிரதி மாப்பிள்ளை வீட்டாரின் கைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. பத்தே நாளில் சித்தப்பாவின் மகன் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும், ஐந்து லட்சம் நஷ்டஈடு தர வேண்டும், தவறினால் சிவில், கிரிமினல் இரண்டும் தொடரப்படும் என்று வாசகம்.

மலர் போட்டவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "மாமா, நடந்ததைத்தானே எழுதினேன்? எங்க அப்பா கதையை எழுத எனக்கு உரிமை இல்லையா?"

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் தேடித்தான் சட்டப் புத்தகத்தைப் புரட்டினேன்.

சட்டம் சொல்வது

பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 499, 500 என்ற பிரிவுகளைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு இருக்கிறது. விஷயம் ஏறக்குறைய அதேதான். ஒருவரின் நற்பெயர் கெடும் என்று தெரிந்தோ, கெடுக்க நினைத்தோ, பேச்சாலோ எழுத்தாலோ படத்தாலோ ஒன்றை வெளியிட்டால் அது அவதூறு. இரண்டு வருஷம் வரை சாதாரணச் சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். புதிய சட்டத்தில் சமூக சேவை என்ற தண்டனையும் சேர்ந்திருக்கிறது. அவதூறு என்று தெரிந்தே அச்சடிப்பவருக்கும், விற்பவருக்கும் பொறுப்பு உண்டு. இந்தக் கிரிமினல் சட்டமே கூடாது என்று தொடுத்த வழக்கில், சட்டம் செல்லும் என்று 2016 மே மாதம் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

இது தவிர சிவில் கோர்ட்டில் நஷ்டஈடு கேட்கலாம். எழுத்தில் வந்த அவதூறுக்கு, வெளியான நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும்.

நம்மவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிற நாலு விஷயங்கள் தவறு.

ஒன்று, "உண்மையை எழுதினால் பயமில்லை" என்பது. சிவில் வழக்கில் உண்மை என்று நிரூபித்தால் தப்பிக்கலாம். கிரிமினல் வழக்கில் அது மட்டும் போதாது. உண்மையாகவும் இருக்க வேண்டும், அதை வெளியிட்டதில் பொது நன்மையும் இருக்க வேண்டும். இரண்டையும் காட்டும் பொறுப்பு எழுதியவர் தலையில்தான் விழும். சித்தப்பா கடனைத் திருப்பாததில் ஊருக்கு என்ன நன்மை என்று கோர்ட் கேட்டால் என்ன பதில் சொல்வது?

இரண்டு, "பெயர் போடவில்லையே" என்பது. மூன்றாவது லயனில் புளியமரத்தடி வீட்டுக்காரர், மூக்குக் கண்ணாடி போட்டவர் என்று எழுதினால் மைசூர் மைன்ஸில் யாருக்குத்தான் தெரியாது? ஆளை அடையாளம் தெரிந்தால் பெயர் போட்ட மாதிரிதான்.

மூன்று, "ஊரே சொல்கிறது, நானும் சொன்னேன்" என்பது. பிறர் சொன்ன அவதூறைத் திருப்பிச் சொன்னாலும் அவதூறுதான். கேலியாகச் சொன்னாலும், "இவர் யோக்கியரோ, இல்லையோ" என்று வளைத்துச் சொன்னாலும் சட்டம் விடாது.

நாலு, "வெளி ஆளுக்கா கொடுத்தோம், உறவுக்குள்தானே" என்பது. சம்பந்தப்பட்டவர் அல்லாத மூன்றாவது ஆள் ஒருவர் படித்தாலே வெளியீடு ஆகிவிடும். ஒட்டிய கவரில் சித்தப்பாவுக்கே எழுதிக் கேட்பது வேறு. அதையே போஸ்ட் கார்டில் எழுதுவதும், உறவினர் எல்லோருடைய செல்போனுக்கும் அனுப்புவதும் வேறு.

மாமனார் – மருமகன் வழக்கு

குடும்பத்துக்குள் எழுதியதே கோர்ட்டுக்குப் போன வழக்கு ஒன்று சட்ட மாணவர்கள் எல்லோரும் படிப்பது. எம்.சி. வர்கீஸ் எதிர் டி.ஜே. பொன்னன் என்று அதற்குப் பெயர். 1964 ஜூலையில் பம்பாயில் இருந்த மருமகன், திருவனந்தபுரத்தில் பிறந்த வீட்டில் இருந்த மனைவிக்குச் சில கடிதங்கள் எழுதினார். அதில் மாமனாரைப் பற்றி இழிவாக எழுதியிருந்தார் என்பது புகார். மனைவி அந்தக் கடிதங்களை அப்பாவிடம் கொடுத்துவிட்டார். மாமனார் மருமகன் மீது மாஜிஸ்திரேட் கோர்ட்டில் அவதூறு வழக்குப் போட்டார்.

புருஷன் பெண்டாட்டிக்கு எழுதியதை எப்படி வழக்கில் கொண்டுவரலாம் என்பது மருமகன் தரப்பு வாதம். அதில் சட்ட பலமும் உண்டு. தாம்பத்தியத்தில் ஒருவர் மற்றவரிடம் சொன்னதைப் பற்றிச் சாட்சி சொல்ல வைப்பதற்குத் தடை இருக்கிறது. கேரள ஹைகோர்ட் மருமகனுக்குச் சாதகமாகச் சொன்னது. ஆனால் 1968 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் அதை மாற்றியது. மனைவியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி அதைச் சொல்லவைக்கத் தடை உண்டு. ஆனால் கடிதம் ஏற்கனவே மாமனார் கைக்கு வந்துவிட்டதால், வேறு சாட்சியத்தைக் கொண்டு அதை நிரூபிக்க வழி உண்டா என்று பார்க்கலாம், ஆகவே வழக்கு நடக்கட்டும் என்றது. மருமகன் குற்றவாளி என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. கதவைத்தான் திறந்துவிட்டது.

இதில் நமக்குப் பாடம், காகிதம் எழுதியவர் கையோடு நிற்காது என்பதுதான். மனைவிக்கு எழுதிய கடிதமே நாலு வருஷம் கோர்ட் ஏறியது என்றால், 200 பிரதி மலரைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

காலமானவர்களைப் பற்றி

"செத்தவரைப் பற்றி எழுதினால் யார் கேட்பது?" என்றும் சிலர் நினைக்கிறார்கள். பாதிதான் சரி. காலமானவருக்கு மானநஷ்டம் என்று சிவில் கோர்ட்டில் நஷ்டஈடு கேட்க முடியாது. அந்த உரிமை ஆளோடு போய்விடுகிறது. ஆனால் கிரிமினல் சட்டத்தில் தனியாக ஒரு விளக்கம் இருக்கிறது. உயிரோடு இருந்தால் அவர் பெயரைக் கெடுக்கக்கூடிய ஒன்றை, அவருடைய குடும்பத்தார் மனம் புண்பட வேண்டும் என்ற எண்ணத்தோடு எழுதினால் அதுவும் அவதூறு. புண்படுத்தும் எண்ணம் என்பதுதான் இங்கே முக்கியம்.

ஜெயலலிதா அவர்களின் கதையைப் படமாகவும் தொடராகவும் எடுத்தபோது, அவருடைய அண்ணன் மகள் தீபா சென்னை ஹைகோர்ட்டில் தடை கேட்டார். ஒருவர் தம் வாழ்நாளில் சம்பாதித்த நற்பெயரும் அந்தரங்க உரிமையும் அவரோடு முடிந்துவிடுகின்றன, வீடு வாசல் போல வாரிசுக்கு வந்து சேருவதில்லை என்று 2021-இல் கோர்ட் சொல்லி, தடை தர மறுத்தது. 'தலைவி' படம் அதே வருஷம் வெளிவந்தது.

ஆக, காலமான தாத்தாவின் குறையை மனிதத்தன்மையோடு எழுதுவதற்குச் சட்டம் பெரிய தடை இல்லை. உயிரோடு இருப்பவரை அந்தக் கதைக்குள் இழுக்கும்போதுதான் சிக்கல். தாத்தாவுக்கு இரண்டாவது குடும்பம் இருந்தது என்று எழுதினால், தாத்தா வந்து கேட்க மாட்டார். அந்தக் குடும்பத்தில் பிறந்த பெண், இன்று பேரன் பேத்தி எடுத்தவர், கேட்கலாம்.

உண்மையானாலும் அந்தரங்கம்

இங்கே மானநஷ்டத்தோடு இன்னொன்றும் சேர்கிறது. ஆட்டோ சங்கர் ஜெயிலில் எழுதிய சுயசரிதையை வெளியிட நக்கீரன் பத்திரிகை முனைந்தபோது அதிகாரிகள் தடுத்தார்கள். அந்த வழக்கில் 1994 அக்டோபர் 7 அன்று சுப்ரீம் கோர்ட் சொன்ன தீர்ப்பு முக்கியமானது. தன்னைப் பற்றியும், தன் குடும்பம், திருமணம், பிள்ளைப்பேறு, தாய்மை, படிப்பு போன்றவை பற்றியும் அந்தரங்கம் காக்க ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. அதை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது. உண்மையானாலும் பொய்யானாலும், புகழ்ந்தாலும் இகழ்ந்தாலும் ஒன்றுதான். கோர்ட் ரிக்கார்டு போன்ற பொது ஆவணத்தில் உள்ளதை எழுதலாம் என்பது விதிவிலக்கு. பொதுப் பதவியில் இருப்பவரின் பதவி சம்பந்தப்பட்ட நடத்தையைப் பற்றியும் எழுதலாம். அந்தப் பத்திரிகை பொது ஆவணத்தை ஆதாரமாக வைத்து வெளியிடலாம் என்றும், வெளியாகுமுன் அரசு தடுக்க முடியாது என்றும் தீர்ப்பானது.

அச்சாகும் முன்பே தடுப்பதைக் கோர்ட்டுகள் பொதுவாக விரும்புவதில்லை. குஷ்வந்த் சிங்கின் சுயசரிதையில் இந்திரா காந்தி வீட்டு மாமியார் – மருமகள் விவகாரம் பற்றி எழுதியதற்கு மேனகா காந்தி 1995-இல் தடை வாங்கினார். டெல்லி ஹைகோர்ட் 2001-இல் அதை நீக்கியது. வழக்குப் போட்டவர் நஷ்டஈடு கேட்டுக்கொள்ளலாம், முன்கூட்டித் தடை வேண்டாம் என்பது சாரம். புத்தகம் 2002-இல் வந்தது. லண்டன் பக்கம் இருக்கும் நம் அன்பர்களுக்கு ஒரு தகவல்: பியானோ கலைஞர் ஜேம்ஸ் ரோட்ஸ் சிறு வயதில் தமக்கு நேர்ந்த கொடுமையைப் புத்தகமாக எழுதியபோது, படித்தால் பிள்ளையின் மனம் பாதிக்கும் என்று முன்னாள் மனைவி தடை கேட்டார். பிரிட்டிஷ் சுப்ரீம் கோர்ட் 2015 மே மாதம் புத்தகம் வரலாம் என்றது. சொந்த வாழ்க்கையைச் சொல்லும் உரிமைக்கு அங்கும் இங்கும் மதிப்பு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் தடை இல்லை என்பதற்குப் பொறுப்பு இல்லை என்று அர்த்தம் அல்ல.

நம் ஊர்க் கதைகளில் கவனம் வேண்டிய இடங்கள்

தங்க வயல் குடும்பங்களில் சில சொற்கள் நெருப்பு மாதிரி.

முதலாவது, தங்கத் திருட்டு. ஷிப்ட் முடிந்து வெளியே வரும் தொழிலாளியைத் தடவிப் பார்த்துத்தான் விட்டார்கள். கைரேகைப் பதிவு என்று கொண்டுவந்தபோது 1930-இல் பெரிய வேலைநிறுத்தமே நடந்தது. இப்படி எல்லோரையும் சந்தேகித்த ஊரில், இன்னாருடைய மாடி வீடு எப்படி வந்தது என்று வம்பு பேசுவது சுலபம். கேஸ் இருந்தால், கேஸ் இருந்தது என்று எழுதுங்கள். விடுதலையானால் அதையும் அதே வரியில் எழுதுங்கள். கேஸே இல்லையென்றால் அந்தப் பேச்சே வேண்டாம்.

இரண்டாவது, கருங்காலி என்ற சொல். 1946 வேலைநிறுத்தமும் துப்பாக்கிச் சூடும் இன்னும் பேசப்படும் ஊர் இது. வேலைநிறுத்த நாட்களில் யார் வேலைக்குப் போனார், யார் போகவில்லை என்பது இன்றும் சம்பந்தம் பேசும்போது கிளம்புகிறது. "அவர் அன்று வேலைக்குப் போனார்" என்பது செய்தி. "காட்டிக் கொடுத்தார்" என்பது குற்றச்சாட்டு.

மூன்றாவது, நோய். சிலிகோசிஸ் நம் அப்பாக்களின் நெஞ்சைத் தின்ற நோய். அதை டி.பி. என்றும், குடித்துக் கெட்டார் என்றும் சொன்னவர்கள் உண்டு. அருவருப்பான நோய் இருப்பதாகச் சொல்லிப் பெயரைக் கெடுப்பதும் அவதூறு என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஆஸ்பத்திரிச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதை எழுதுங்கள். அது அந்த மனிதருக்குச் செய்யும் நியாயமும் கூட.

ரயில்வே விசாரணையில் கற்ற முறை

ரயில் தடம் புரண்டால் சம்பந்தப்பட்ட பிரிவுகளின் மேற்பார்வையாளர்கள் அந்த இடத்திலேயே ஜாயின்ட் நோட் என்று ஒன்று எழுதிக் கையெழுத்துப் போடுவோம். கேஜ் எவ்வளவு, கிராஸ் லெவல் எவ்வளவு, சக்கரம் எந்த இடத்தில் ஏறியது, எங்கே விழுந்தது என்று அளந்ததை முதலில் எழுத வேண்டும். காரணம் பிறகுதான். ஒருவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அவருடைய மறுப்பையும் அதிலேயே எழுதுவார். "டிரைவர் பொறுப்பில்லாதவன்" என்று எழுதுவதில்லை. எந்த வேகத்தில் வந்தார் என்று எழுதுவோம். குடும்பக் கதைக்கும் இந்த முறை நன்றாகப் பொருந்துகிறது.

அந்த அண்ணன் தம்பி வீட்டில் இதைத்தான் செய்தோம். காகிதங்களை எல்லாம் பாயில் பரப்பினோம். பாங்க் பாஸ் புக்கில் ஒன்றரை லட்சம் எடுத்தது இருந்தது. எடுத்தவர் அண்ணனே, கையெழுத்து அவருடையது. புரோநோட்டு எதுவும் இல்லை. "கடனாத்தான் கொடுத்தாரு" என்றார் அண்ணி. "என் பொண்ணு கல்யாணத்துக்கு அண்ணன் செஞ்ச உதவி. கடன்னு அவர் வாயால ஒரு நாளும் சொல்லலை" என்றார் சித்தப்பா. ஆஸ்பத்திரிச் சீட்டில் சிலிகோசிஸ் என்று தெளிவாக இருந்தது. துரோகத்தால் செத்தார் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டுப் புதிதாக இப்படி அச்சடித்து எல்லோருக்கும் அனுப்பினார்கள்: தம்பி மகள் திருமணத்துக்கு அப்பா தம் பணத்திலிருந்து ஒன்றரை லட்சம் கொடுத்தார், அது கடனா, உதவியா என்பதில் இரு வீட்டுக்கும் இரண்டு கருத்து உண்டு, அதன் பிறகு எங்கள் வீட்டில் சில வருஷம் மிகுந்த கஷ்டம் இருந்தது. கூடவே சித்தப்பாவுக்கு வருத்தம் தெரிவித்து ஒரு கடிதம். நோட்டீஸ் அதோடு நின்றது. பேத்திக்குப் பேசிய அந்தச் சம்பந்தம் மட்டும் திரும்பவில்லை. அண்ணன் தம்பி பிள்ளைகள் இப்போது விசேஷங்களுக்கு வந்து போகிறார்கள். பழைய ஒட்டுதல் இல்லை. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

எழுத உட்காரும் அன்பர்கள் இந்த ஏழு விஷயங்களை மனத்தில் வைத்தால் போதும்:

1. கண்டது, கேட்டது, நினைப்பது மூன்றையும் கலக்காமல் தனித்தனியாக எழுதுங்கள்.

2. குற்றம் சொல்லும் ஒவ்வொரு வரிக்கும் ஒரு காகிதமோ, நேரில் கண்ட சாட்சியோ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த வரி வேண்டாம்.

3. "ஏமாற்றினார்", "துரோகி", "நடத்தை கெட்டவள்" போன்ற தீர்ப்புச் சொற்களை எடுத்துவிட்டு நடந்த காரியத்தை மட்டும் எழுதுங்கள்.

4. உயிரோடு இருப்பவரைப் பற்றிய பகுதியை அச்சுக்குக் கொடுக்குமுன் அவரிடமே படித்துக் காட்டுங்கள். சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் அவர் சொல்வதையும் சேர்த்து எழுதுங்கள்.

5. பெண்களின் திருமண முறிவு, பிள்ளைப்பேறு, நோய், தத்து எடுத்த விவரம் ஆகியவற்றை அவர்கள் சம்மதம் இல்லாமல் தொடாதீர்கள். உண்மை என்பது இங்கே பதில் ஆகாது.

6. கோபம் இருக்கும்போது எழுதலாம். அச்சுக்குக் கொடுப்பதைக் கோபம் தணிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

7. நோட்டீஸ் வந்தால் பதிலுக்குத் திட்டி எழுதாதீர்கள். கெடு முடிவதற்குள் ஒரு வக்கீலைப் பாருங்கள். ஊர்ப் பெரியவர் மூலம் பேசித் தீர்க்கவும் வழி உண்டு.

இதையெல்லாம் படித்துவிட்டு, வம்பே வேண்டாம் என்று யாரும் பேனாவை மூடிவிடக் கூடாது. அப்பா குடித்தார் என்றால், பூமிக்கடியில் எட்டு மணி நேரம் வெந்துவிட்டு வந்தவர் ஏன் குடித்தார் என்பதோடு சேர்த்து எழுதலாம். அம்மா எப்படி அந்தக் குடும்பத்தைக் கரையேற்றினார் என்றும் எழுதலாம். அதற்கு எந்தச் சட்டமும் குறுக்கே நிற்காது. புகழ்ச்சியை மட்டும் அடுக்கினால் நம் பிள்ளைகளே நம்ப மாட்டார்கள்.

கூண்டில் இறங்கி வேலை செய்தவர்களில் இன்று மிச்சம் இருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். எல்லோரும் முதியவர்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதை அவர்களிடமே ஒரு முறை படித்தும் காட்டுங்கள்.